தன் முதுகு தனக்குத் தெரியாது

பாராசூட் பையை மாட்டிக்கொண்டுவிட்டால் அதிலுள்ள ஒரு சின்ன உலோக ஊசியை நம்மால் பார்க்க முடியாது. சுண்டு விரல் நீளம் இருக்கும், லேசாக வளைந்திருக்கும். பின் என்று சொல்லுவோம். பையின் மடல்களை எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக இழுத்து, நடுவில் எட்டிப் பார்க்கும் ஒரு நூல் வளையத்துக்குள் இந்தப் பின்னைச் செருகித்தான் மெயின் பாராசூட்டை மூடி வைக்கிறோம். அது இருக்கும் இடம் முதுகின் நட்டநடு. கையும் எட்டாது, கண்ணும் எட்டாது.

பின் நழுவினால் பாராசூட் திறக்கும். வேண்டிய உயரத்தில் நழுவினால் சந்தோஷம். விமானத்தின் கதவருகே நிற்கும்போது நழுவினால் பாராசூட் முதலில் வெளியே போகும், பின்னாலேயே ஆளை இழுத்துக்கொண்டு. போகிற வழியில் கதவுச் சட்டம் இருக்கிறது, விமானத்தின் வால் இருக்கிறது. அதனால் குதிப்பதற்குச் சில நிமிடங்கள் முன்பு எல்லோரும் பக்கத்திலிருப்பவருக்கு முதுகைக் காட்டி "பின் பாருங்க" என்போம். அவர் மடலைத் தூக்கி, பின் முழுசாக உள்ளே இருக்கிறதா, நூல் வளையம் நைந்திருக்கிறதா, பின்னிலிருந்து கிளம்பும் நாடா எங்கும் சிக்காமல் ஓடுகிறதா என்று பார்ப்பார். மடலைத் திரும்பச் செருகிவிட்டுத் தோளில் ஒரு தட்டு தட்டுவார். தன் முதுகு தனக்குத் தெரியாது என்ற பழமொழியை யாரோ வேறு எதற்கோ சொல்லி வைத்தார்கள். எங்களுக்கு அது செயல்முறைக் குறிப்பு.

வெளியிலிருந்து பார்ப்பவர்கள் எங்களை உயிருக்குப் பயப்படாத கூட்டம் என்று நினைக்கிறார்கள். "நல்லாப் பறக்கிற விமானத்திலிருந்து எதுக்குக் குதிக்கறீங்க?" என்ற கேள்வியை ஒவ்வொருவரும் நூறு தடவையாவது கேட்டிருப்போம். அப்படிக் கேட்பவர்களுக்கு எங்கள் வட்டத்தில் ஒரு பெயரே உண்டு: வஃபோ. 'எதற்காக' என்ற ஆங்கிலக் கேள்வி கொச்சையில் தேய்ந்து தேய்ந்து பெயர்ச்சொல்லாகிவிட்டது. வழக்கமான பதில், "எங்க விமானத்தை நீங்க பார்த்ததில்லை போல." ஆனால் உண்மையைச் சொன்னால், ஸ்கைடைவர்களைப் போலத் தொணதொணக்கிற ஆசாமிகளை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. இழுத்த பெல்ட்டையே மறுபடி இழுத்துப் பார்ப்பார்கள். கேட்காமலேயே உங்கள் ஹெல்மெட் கொக்கியைத் தொட்டுப் பார்ப்பார்கள். காற்று கொஞ்சம் கூடினால் விமானமே கிளம்பாது, மூன்று மணி நேரம் தரையில் உட்கார்ந்து கொட்டாவி விடுவோம்.

முதல் நாள் வகுப்பிலேயே 'மும்மூன்று' என்று சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். மூன்று வளைய இணைப்பு இரண்டு தோளிலும் சரியாக இருக்கிறதா. உடம்பைப் பிடிக்கும் மூன்று பட்டைகள், அதாவது நெஞ்சுக்கு ஒன்று, தொடைக்கு இரண்டு. அப்புறம் மூன்று கைப்பிடிகள்: மெயினைத் திறக்க, மெயினைக் கழற்றிவிட, ரிசர்வ் என்கிற மாற்றுப் பாராசூட்டைத் திறக்க. மாட்டும்போது ஒரு முறை, விமானம் ஏறுமுன் ஒரு முறை, குதிக்குமுன் ஒரு முறை. பத்தாவது குதிப்பு வரை இது மந்திரம் மாதிரி வாயில் ஓடும். நூறாவதில் விரல்கள் மட்டும் செய்யும். நானூறாவதில் விரல்கள் செய்ததா என்றே தெரியாது.

எனக்கு அப்படித்தான் நடந்தது. நானூறு தாண்டியிருந்த சமயம். நாலு பேர் சேர்ந்து கைகோத்து வடிவம் போடும் குதிப்பு, அதில் யார் எங்கே வரவேண்டும் என்று பேசிக்கொண்டே பையை மாட்டினேன். விமானத்தில் எனக்கு எதிரே ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். பதினெட்டோ இருபதோ குதித்தவள். அமெரிக்க பாராசூட் சங்கத்தின் முதல்நிலை உரிமத்துக்கு 25 குதிப்பு வேண்டும். அதுவே அவளுக்கு இன்னும் ஆகியிருக்கவில்லை. என் நெஞ்சைப் பார்த்தாள், ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள், திரும்பவும் என் நெஞ்சைப் பார்த்தாள். எஞ்சின் சத்தத்தில் கிட்ட குனிந்து, "தப்பா இருந்தா மன்னிச்சுக்கங்க. உங்க பட்டை என்னோடது மாதிரி போகலையே?" என்றாள்.

நெஞ்சுப் பட்டையை ஓர் உலோகச் சட்டத்துக்குள் விட்டு, அதிலிருக்கும் நகரும் கம்பியைச் சுற்றித் திரும்ப வெளியே எடுக்க வேண்டும். இழுவை கூடக் கூட அந்தக் கம்பிதான் பட்டையை நசுக்கிப் பிடிக்கும். நான் கம்பியைச் சுற்றாமல் நேராக விட்டு, மிச்ச நுனியை அழகாக மடித்துச் செருகியிருந்தேன். கையால் இழுத்துப் பார்த்தால் பிடித்த மாதிரியேதான் இருக்கும். மணிக்கு 190 கிலோமீட்டர் வேகத்தில் விழுகிற உடம்பை பாராசூட் மூன்று நான்கு விநாடிகளில் தூக்கி நிறுத்தும்போது, அது உருவிக்கொண்டு போகும். நெஞ்சுப் பட்டை இல்லாத பையிலிருந்து ஆள் நழுவி விழ முடியும். விழுந்து இறந்திருக்கிறார்கள்.

ஒன்பதாயிரம் அடியில் பட்டையைப் பிரித்துத் திரும்பக் கோத்தேன். கை நடுங்கியது. அவளுக்கு நன்றி என்று ஒரு வார்த்தை சொன்னேனே தவிர, அன்று முழுவதும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. வெட்கம். ஆனால் என்னை இன்றும் உறுத்துவது அந்த வெட்கமில்லை, அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்த அந்த நாலைந்து விநாடி. நானூறு குதித்தவனுக்குச் சொல்லலாமா, வேண்டாமா என்று அவள் யோசித்த நேரம் அது. சொல்லவே வேண்டாம் என்று முடிவு செய்திருந்தால்?

1988-ல் அமெரிக்காவின் வட கரோலினாவில் நடந்ததை இங்கே சொல்ல வேண்டும். எண்ணூறுக்கு மேல் குதித்த ஒரு வீடியோ கலைஞர், மற்றவர்களின் குதிப்பைப் படம்பிடிக்க விமானத்திலிருந்து பாய்ந்தார். அவர் முதுகில் பாராசூட் இல்லை. அந்தக் காலத்து வீடியோ ரெக்கார்டர் கனமானது, அதை ஒரு பைக்குள் வைத்து மாட்டியிருந்தார். முதுகில் ஏதோ பாரம் இருந்தது, உடம்பு அதை நம்பிவிட்டது. நான் இதைக் கேட்டபோது 'எப்படி மறப்பான் மனுஷன்' என்று சிரித்தவன்தான். நெஞ்சுப் பட்டைக்குப் பிறகு சிரிப்பதில்லை. அந்த விமானத்தில் யாராவது ஒருவர் அவருடைய முதுகைத் திருப்பிப் பார்த்திருந்தால் என்று மட்டும் தோன்றுகிறது.

பையைப் பிரித்துத் தரையில் பரப்பினால், அதில் பாதிக்கு மேல் யாருக்கோ நேர்ந்த கெட்ட நேரத்துக்கான பதில்தான். 1797-ல் பாரிஸில் கார்னெரன் பலூனிலிருந்து பட்டுத்துணிப் பாராசூட்டில் இறங்கியபோது, கூடை ஊஞ்சல் மாதிரி தாறுமாறாக ஆடியது. உச்சியில் ஓட்டை இல்லாததால் உள்ளே அடைபட்ட காற்று ஓரம் ஓரமாகத் தப்பித்ததுதான் காரணம். பிற்பாடு உச்சியில் ஓட்டை வந்தது. விமானத்திலிருந்து தனியாக விழுகிறவன் மயங்கிவிடுவான், அவனால் கயிற்றை இழுக்க முடியாது என்று முதல் உலகப் போர்க் காலம் வரை நம்பினார்கள். 1919 ஏப்ரலில் லெஸ்லி இர்வின் குதித்து, விழுந்துகொண்டே கையால் கயிற்றை இழுத்துக் காட்டினார். தரையில் கணுக்கால் உடைந்தது, ஆனால் மயங்கவில்லை. இன்று நாங்கள் பயன்படுத்தும் செவ்வகப் பாராசூட், டொமினா ஜால்பர்ட் 1960-களில் உருவாக்கிய துணிச் சிறகின் வாரிசு. முன்பக்க வாய்களில் காற்று புகுந்து அறைகள் உப்ப, அது இறக்கை மாதிரி முன்னோக்கிப் பறக்கும். பழைய வட்டப் பாராசூட்டுகள் பெரும்பாலும் காற்று தள்ளிய இடத்தில் இறக்கிவிடும். இதை ஓட்டலாம்.

எனக்கு மிகவும் பிடித்த பாகம் ஸ்லைடர். நான்கு மூலையில் நான்கு உலோக வளையங்கள் வைத்த ஒரு செவ்வகத் துணி, அவ்வளவுதான். பாராசூட்டின் கயிறுகள் எல்லாம் அந்த நான்கு வளையங்கள் வழியாகப் போகும். திறக்கத் தொடங்கும்போது ஸ்லைடர் மேலே பாராசூட்டை ஒட்டி நின்று, அதைச் சட்டென்று விரிய விடாது. காற்று ஸ்லைடரை மேலே தள்ளும், விரியத் துடிக்கும் பாராசூட் கீழே தள்ளும். இந்த இழுபறியில் அது மெல்ல இறங்கி வரும் நேரம்தான் நம் கழுத்தெலும்பைக் காப்பாற்றும் நேரம்.

அப்புறம் மூன்று வளையம். மெயின் பாராசூட் சிக்கிக்கொண்டால், ரிசர்வைத் திறக்குமுன் அதைக் கழற்றி எறிய வேண்டும். இரண்டும் பின்னிக்கொண்டால் கதை முடிந்தது. பழைய முறையில் ஒவ்வொரு தோளிலும் தனித்தனி உலோகக் கொக்கி. சுழன்றுகொண்டே விழும்போது இரண்டையும் திறக்க வேண்டும். ஒன்று திறந்து மற்றொன்று திறக்காமல் போவதும் உண்டு. பில் பூத் என்பவர் 1970-களில் இதற்கு ஒரு தீர்வு கண்டார். பெரியது, நடுத்தரம், சின்னது என்று மூன்று வளையங்கள், ஒன்றுக்குள் ஒன்று மடங்கியிருக்கும். ஒவ்வொன்றும் நெம்புகோல் மாதிரி பாரத்தைக் குறைத்துக் குறைத்துக் கொடுக்க, கடைசியில் ஒரு மனித உடம்பின் முழுப் பாரத்தையும் ஒரு சின்ன நூல் வளையம் தாங்கி நிற்கும். அதற்குள் ஓடும் மஞ்சள் கம்பியை உருவினால் அத்தனையும் ஒரே நேரத்தில் அவிழும். வலது மார்பில் சிவப்புக் கைப்பிடி, ஒரே இழுப்பு, இரண்டு தோளும் விடுதலை. நகரும் இயந்திரப் பாகம் என்று எதுவுமே இல்லை. முதல் தடவை பார்த்தபோது ஏமாற்றுவேலை மாதிரி இருந்தது.

கையால் இழுக்கவே முடியாமல் போனால்? அதற்கும் ஒன்று வந்தது. 1991-ல் ஜெர்மனியின் ஏர்டெக் நிறுவனம் சைப்ரஸ் என்ற கருவியைக் கொண்டுவந்தது. காற்றழுத்தத்தை வைத்து உயரத்தையும் வேகத்தையும் கணக்கிட்டுக்கொண்டே இருக்கும். அனுபவசாலிகளுக்கான மாடலில், சுமார் 750 அடிக்குக் கீழேயும் நாம் மணிக்கு 125 கிலோமீட்டருக்கு மேல் விழுந்துகொண்டிருந்தால், ஒரு சின்ன வெடிமருந்து விசையில் பிளேடு பாய்ந்து ரிசர்வ் பையின் நூல் வளையத்தை அறுத்துவிடும். பின்னை உருவ வேண்டிய வேலையே இல்லை. அதற்கு முன்பிருந்த கருவிகளை அனுபவசாலிகள் தொட மாட்டார்கள். வேண்டாத நேரத்தில் வெடித்துவிடும் என்ற பயம் ஒன்று, அதெல்லாம் மாணவர்களுக்கு என்ற ஜம்பம் இன்னொன்று. இப்போது அது இல்லாமல் குதிப்பவரைத் தேட வேண்டும்.

சரி, இத்தனை வந்த பிறகு யாரும் சாகக் கூடாதே? எண்ணிக்கை குறைந்திருக்கிறது, அதில் சந்தேகமில்லை. அமெரிக்காவில் 1970-களில் ஆண்டுக்குச் சராசரியாக 40 பேருக்கு மேல் இறந்தார்கள். 2023-ல் சுமார் 36 லட்சத்து 50 ஆயிரம் குதிப்புகளில் 10 பேர். ஆனால் அந்த மூன்று வளையக்காரர் பூத்தே ஒன்று சொல்லியிருக்கிறார்: கருவி எவ்வளவு பாதுகாப்பாகிறதோ, குதிப்பவர்கள் அவ்வளவு கூடுதலாகத் துணிந்து, சாவு விகிதத்தைப் பழைய இடத்துக்கே கொண்டுவந்துவிடுவார்கள். எண்கள் அவரை முழுசாக மெய்ப்பிக்கவில்லை. ஆனாலும் தளத்தில் நின்று பார்க்கிற எனக்கு, மனுஷன் சரியாகத்தான் சொன்னார் என்று வாரம் ஒரு முறையாவது தோன்றும்.

இன்றைக்குப் பலர் அடிபடுவதும் இறப்பதும் ஒழுங்காகத் திறந்த, எந்தக் குறையும் இல்லாத பாராசூட்டின் கீழ். பாராசூட் சின்னதாக ஆக ஆக வேகம் கூடும். ஒரு பக்கக் கயிற்றை இழுத்துத் திருப்பினால் அது பாய்ச்சலில் இறங்கும், பிறகு நிமிர்ந்து சமநிலைக்கு வர அதற்குக் கொஞ்சம் உயரம் வேண்டும். அந்த உயரம் கையில் இல்லாவிட்டால் தரைதான் நிமிர்த்தும். தரையை உரசிக்கொண்டு நூறு அடிக்கும் மேல் வழுக்கிப் போவது ஓர் அழகான வித்தை, மறுக்கவில்லை. அப்படிப் பாய்கிறவர்களின் வேகம் சைப்ரஸின் வரம்பையே தாண்டிவிடும் என்பதால், அவர்களுக்கென்று வேக வரம்பை உயர்த்திய தனிக் கருவியே விற்கிறார்கள். உயிர் காக்கும் பெட்டி, நல்ல பாராசூட்டின் கீழ் இருப்பவனை விழுகிறவன் என்று நினைத்துவிடக் கூடாதே.

நண்பர் ஒருவர். இருநூறு குதிப்புகூட ஆகாதவர். பாராசூட்டின் அளவை இரண்டு படி ஒரே தாவலில் குறைத்தார். குதிப்பவரின் எடையைப் பாராசூட்டின் பரப்பால் வகுத்தால் வரும் எண்ணைத்தான் நாங்கள் பார்ப்போம். புதியவர்களுக்குச் சதுர அடிக்கு ஒரு பவுண்டுக்கு மேல் வேண்டாம் என்பார்கள். அவருக்கு ஒன்றரையை நெருங்கியது. எங்களில் மூன்று பேருக்கு அது தெரியும். மூன்று பேரும் சாப்பாட்டு நேரத்தில் எங்களுக்குள் பேசிக்கொண்டோம், அவரிடம் பேசவில்லை. ஒரு மாலை, குறுக்கே இன்னொருவர் வருகிறார் என்று பதறித் தரைக்கு மிகக் கிட்டத்தில் திருப்பினார். தொடை எலும்பு இரண்டு இடத்தில் முறிந்தது. பிழைத்துக்கொண்டார், நடக்கிறார், குதிப்பதில்லை. அவர் பையில் பின் சரியாக இருந்தது, பட்டை சரியாக இருந்தது. அன்று காலை நான்தான் பார்த்தேன்.

எங்கள் வழக்கங்களில் வெளியாட்களுக்கு வேடிக்கையாகத் தெரிவது பீர் விதி. எதையாவது முதல் முறையாகச் செய்தால் எல்லோருக்கும் நீங்கள் பீர் வாங்க வேண்டும். முதல் தனிக் குதிப்பு, முதல் இரவுக் குதிப்பு, தளத்துக்கு வெளியே முதல் இறக்கம். 'முதல்' என்ற சொல்லை வாய் தவறி உச்சரித்தாலே யாராவது ஒருவர் பெட்டி எங்கே என்று கேட்பார். நூறாவது குதிப்புக்கு முகத்தில் க்ரீம் கேக் அப்புவார்கள். (குடிக்காதவர்கள் பெட்டியை வாங்கி வைத்துவிட்டுச் சோடா குடிக்கலாம். வாங்குவதிலிருந்து மட்டும் தப்ப முடியாது.) இதைக் குடிப்பதற்கான சாக்கு என்றுதான் பல வருஷம் நினைத்திருந்தேன். என் முறை வந்தபோதுதான் வேறு மாதிரி தெரிந்தது.

அன்று மெயினை நானே மடித்தேன், அவசரமாக. மூவாயிரத்து எண்ணூறு அடியில் திறந்தது. திறந்ததுமே வலது பக்கம் இழுத்துக்கொண்டு சுழல ஆரம்பித்தது. அண்ணாந்து பார்த்தால் வலப்பக்கக் கயிறுகள் நாலைந்து ஒரு முடிச்சாகத் திரண்டு நிற்கின்றன. பாராசூட்டைத் திருப்பும் இரண்டு கைப்பிடியையும் முழுசாக இழுத்து விட்டேன், அவிழவில்லை. மறுபடி இழுத்தேன். உயரமானி இரண்டாயிரத்து அறுநூறு காட்டியது. கழற்றுவதா வேண்டாமா என்று இரண்டாயிரத்து ஐநூறுக்குள் முடிவு செய்ய வேண்டும் என்று எனக்கு நானே வைத்திருந்த கோடு. சிவப்பைப் பார்த்தேன், பிடித்தேன், இழுத்தேன். வயிறு வாய்க்கு வந்தது. இடது கை ஏற்கெனவே ரிசர்வைத் திறக்கும் வெள்ளிக் கைப்பிடியில் இருந்தது, எப்போது போனது என்று தெரியாது. வெள்ளை ரிசர்வ் தலைக்கு மேல் விரிந்தபோது உலகமே அமைதியாகிவிட்ட மாதிரி இருந்தது.

அன்று சாயங்காலம் முழுக்க முட்புதருக்குள் பத்துப் பேர் என்னுடைய மெயினையும், ரிசர்வோடு கழன்று விழுந்த உறைப்பையையும் தேடினார்கள். எனக்குப் பேரே தெரியாதவர்கள் நாலு பேர் அதில் இருந்தார்கள். இருட்டும் நேரத்தில் பீர் வந்தது. பெட்டியைத் திறந்தவுடன் ஒரே கேள்வி, "என்ன ஆச்சு, முதல்லேர்ந்து சொல்லு." நான் எப்படி மடித்தேன், கயிறுகளை ஒழுங்கு பண்ணும்போது யாரோடு பேசிக்கொண்டிருந்தேன், ஏன் இன்னும் நூறு அடி முன்பே கழற்றவில்லை என்று ஒவ்வொன்றாகக் கேட்டார்கள். திட்டவில்லை, சிரித்தார்கள், ஆனால் விடவில்லை. அபராதம் கட்டியவன் கதையை மறைக்க முடியாது. முகத்துக்கு நேரே சொல்ல நாங்கள் மூன்று பேர் தயங்கியதை, இவர்கள் ஒரு பெட்டி பீரை நடுவில் வைத்துச் சுலபமாகச் செய்துவிட்டார்கள். நண்பரின் சின்னப் பாராசூட் முதல் முறை பறந்த அன்றும் பீர் வந்தது. நாங்கள் குடித்தோம், கேட்கவில்லை.

உயிர் பிழைத்தவன் தன் ரிசர்வை மடித்த ரிக்கருக்கு ஒரு நல்ல பாட்டில் கொடுக்க வேண்டும், இது இன்னொரு வழக்கம். மெயினை அதில் குதிக்கப்போகிறவரே மடித்துக்கொள்ளலாம். ரிசர்வை உரிமம் பெற்ற ரிக்கர்தான் மடிக்க வேண்டும். அதற்கும் ஒரு பின் உண்டு, அதுவும் முதுகில்தான், இன்னும் மேலே. மடித்து முடித்ததும் அந்தப் பின்மேல் சிவப்பு நூல் கட்டி ஈய முத்திரை குத்துவார், அட்டையில் தேதி போட்டுக் கையெழுத்திடுவார். அமெரிக்காவில் 180 நாளுக்கு ஒரு முறை, உபயோகித்தாலும் உபயோகிக்காவிட்டாலும், முத்திரையை உடைத்து, பிரித்து, பார்த்து, புதிதாக மடிக்க வேண்டும். உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க எனக்கு உரிமையில்லை. அவருடைய கையெழுத்தைத்தான் முதுகில் தூக்கிக்கொண்டு போகிறேன்.

பாட்டிலை வாங்கி மேஜைக்கு அடியில் வைத்தார், லேபிளைக்கூடப் பார்க்கவில்லை.

போன மாதம் தவணை வந்து பையைக் கொண்டுபோனேன். நான் மேஜைமேல் வைக்கப் போனேன், "மாட்டிக்கோ" என்றார். மாட்டினேன். பின்னாலிருந்து மடலைத் தூக்கிப் பார்த்தார், நெஞ்சுப் பட்டையைப் பிடித்து ஒரு சுண்டு சுண்டினார். "நீயே இழு. நிஜத்துல இழுக்கிற மாதிரி." சிவப்பு, பிறகு வெள்ளி. வெள்ளிக்கு என் இடது கை முதல் இழுப்பில் பாதிதான் வந்தது, கைப்பிடி உறையிலிருந்து கிளம்பியது, பின் கிளம்பவில்லை. இரண்டாவது இழுப்பில் முத்திரை அறுந்து, ரிசர்வை வெளியே இழுக்கும் பைலட் சூட் என்ற ஸ்பிரிங் வைத்த குட்டிப் பாராசூட் என் தோளுக்குப் பின்னாலிருந்து துள்ளிப் போய் எதிர்ச் சுவரில் மோதியது.

ரிக்கர் அதை எடுத்து மடித்துக்கொண்டே, "ரெண்டு தடவை இழுத்தே, தெரிஞ்சுதா?" என்றார்.

தெரிந்தது என்றேன். இன்னொரு பையை எடுத்து வந்து மாட்டச் சொன்னார்.